அண்ணப்பிளவில் பின்தங்கிய மேல்தாடை: முன்பகுதியை மட்டும் நகர்த்திய ஒரு நிகழ்வு ஆய்வு

உதடும் அண்ணமும் (வாயின் மேற்கூரை) பிளந்து பிறந்த குழந்தைக்கு முதல் வயதிலும் இரண்டாம் வயதிலும் செய்யப்படும் அறுவைகள் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அக்குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பதின்வயதின் இறுதியில் மேல்தாடை பின்தங்கிப்போய், கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து நிற்கின்றன. முகத்தின் நடுப்பகுதி குழிந்து, மேலுதடு உள்வாங்கி, மூக்கின் நுனி தாழ்ந்து தெரியும். எலும்பை வெட்டி முன்னால் கொண்டுவரும் அறுவை இதற்கு நெடுங்காலமாகவே இருக்கிறது. எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் எழுகிறது. ஆனால், எலும்பின் எந்தப் பகுதியை நகர்த்துவது, அந்த நகர்வு நோயாளியின் பேச்சை என்ன செய்யும் என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்கவே இந்த ஆய்வு எழுதப்படுகிறது.

இதில் வரும் நோயாளி தனியொருவர் அல்லர். இந்தச் சிகிச்சைக்கு வருபவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் வரலாறு, அளவுகள், சிக்கல்கள் ஆகியவற்றைத் தொகுத்துக் கற்பித்தலுக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு இது. நோயாளி குறித்த எண்கள் அனைத்தும் அந்த வகையில் கொள்ளத்தக்கவை.

வளர்ச்சி தடைபடுவதன் காரணம்

கருவின் 4ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரத்துக்குள் மேலுதடும், 6ஆம் வாரத்திலிருந்து 9ஆம் வாரத்துக்குள் வாயின் மேற்கூரையும் இருபுறத்திலிருந்தும் வளர்ந்து நடுவில் இணைகின்றன. இணைப்பு நிகழாமல் போனால் பிளவு. இதனுடன் பிறப்பவர்களின் மேல்தாடை பிறவியிலேயே வளரும் திறன் குன்றியதா, அல்லது நாம் செய்யும் அறுவையின் தழும்புதான் அதை வளரவிடாமல் பிடித்து வைக்கிறதா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. இதற்குத் தெளிவான விடை இலங்கையிலிருந்து வந்தது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல் சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் 1980களில் தொடங்கிய இலங்கைப் பிளவுச் சிகிச்சைத் திட்டத்தில், எந்த அறுவையும் செய்யப்படாமலேயே பெரியவர்களாகிவிட்ட பலர் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களின் மேல்தாடை ஏறக்குறைய இயல்பான அளவுக்கு முன்னோக்கி வளர்ந்திருந்ததை 1990இல் வெளியான கட்டுரை காட்டியது. குழந்தைப் பருவத்தில் அறுவை செய்துகொண்டவர்களின் தாடைதான் பின்தங்கியிருந்தது.

அதற்காக அண்ண அறுவையைத் தள்ளிப்போட முடியாது. ஒன்றரை வயதுக்குள் அண்ணம் மூடப்படாவிட்டால் குழந்தை தவறான முறையில் ஒலிகளை உருவாக்கப் பழகிவிடும். பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம். பேச்சுக்காக எலும்பின் வளர்ச்சியில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறோம் என்பதே உண்மை. வல்லண்ணத்தின் (அண்ணத்தின் எலும்புள்ள முன்பகுதி) மீது சவ்வை உரித்து நகர்த்திய இடத்தில் எலும்பு வெறுமையாக விடப்பட்டு, அங்கே உருவாகும் தழும்பு மேல்தாடையை அதன் பின்னால் மண்டையோட்டின் அடியிலிருந்து இறங்கும் இறக்கை எலும்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பல்வரிசையும் உள்நோக்கிக் குறுகுகிறது. ஒருபக்க முழுப்பிளவுக்கு (உதட்டிலிருந்து அண்ணம் வரை முழுதும் பிளந்தது) அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வளர்ச்சி முடிந்தபின் தாடை அறுவை தேவைப்படும் என்ற கணக்கு பல மருத்துவ மையங்களை உள்ளடக்கி 1987இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து பரவலாக எடுத்தாளப்படுகிறது. மையத்துக்கு மையம் இந்த விகிதம் பெரிதும் மாறுபடும்.

இந்தத் தழும்பை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இனி வருவதை வாசிக்க வேண்டும். பிளவில்லாத ஒருவரின் பின்தங்கிய மேல்தாடைக்கும் இவர்களின் மேல்தாடைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நோயாளியின் வரலாறு

19 வயதுப் பெண். இடப்பக்க முழுப்பிளவு. உதட்டுக்கு 5ஆம் மாதத்திலும் அண்ணத்துக்கு 15ஆம் மாதத்திலும் அறுவை நடந்திருந்தது. அண்ணத்தின் முன்பகுதியில் எஞ்சியிருந்த சிறு துளை 6 வயதில் மூடப்பட்டது. அதன்பின் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குச் சென்றுவிட்டதால் தொடர்பு விட்டுப்போயிற்று. பல்வரம்பின் (பற்கள் பதிந்திருக்கும் எலும்பு விளிம்பு) பிளவில் எலும்பு வைத்து நிரப்பும் அறுவை, கோரைப்பல் முளைப்பதற்கு முன், பொதுவாக 8 வயதிலிருந்து 11 வயதுக்குள் செய்யப்பட வேண்டும். அந்த எலும்பின் வழியே கோரைப்பல் தானாக இறங்கி வரும். இறங்கி வரும் பல்லே எலும்பைக் காக்கும். இவருக்கு அது 17 வயதில்தான், இடுப்பெலும்பின் முகட்டிலிருந்து எடுத்த எலும்பைக் கொண்டு செய்யப்பட்டது. இடப்பக்கத்து இரண்டாம் வெட்டுப்பல் பிறவியிலேயே இல்லை.

இந்த இடைவெளியைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் உள்ளன. கட்டணமின்றி முதல் அறுவைகளைச் செய்துதரும் அமைப்புகளும் நம்மிடம் பல உள்ளன. உதடு மூடியதும் குழந்தையின் முகம் மாறிவிடுகிறது, அண்ணம் மூடியதும் பால் மூக்கில் ஏறுவது நின்றுவிடுகிறது. சிகிச்சை முடிந்துவிட்டது என்று பெற்றோர் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் பிளவுச் சிகிச்சை 18, 20 வயது வரை நீளும் ஒரே சிகிச்சை என்பதை முதல் அறுவையின்போதே, எழுத்தில், ஆண்டு வாரியாகக் கொடுத்தனுப்பாத வரையில் 9 வயதில் வர வேண்டியவர்கள் 17 வயதில்தான் வருவார்கள். 8, 9 வயதில் வந்திருந்தால் முகமூடி போன்ற கருவியால் மேல்தாடையை முன்னிழுக்கும் முயற்சியையாவது செய்திருக்கலாம். அந்த வாய்ப்பு இவருக்குக் கடந்துபோயிருந்தது.

அவர் சொன்ன குறைகள் மூன்று. முன்பற்களால் எதையும் கடிக்க முடியவில்லை. கொய்யாப்பழத்தைக் கத்தியால் நறுக்கித்தான் தின்கிறார், முறுக்கைக் கடைவாயில் வைத்துத்தான் உடைக்கிறார். பக்கவாட்டில் யாரும் படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மூன்றாவதாக, ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருப்பதால் வகுப்பில் தன் பேச்சு கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்க வேண்டும் என்றார். மூன்றாவது குறைதான் பின்னால் எடுத்த எல்லா முடிவுகளையும் தீர்மானித்தது.

பரிசோதனை

பக்கவாட்டுத் தோற்றம் குழிவானது. கண்ணுக்குக் கீழே எலும்பு தட்டையாக இருந்தது. மேலுதடு கீழுதட்டுக்குப் பின்னால் இருந்தது. இடப்பக்க மூக்குத் துளையின் அடித்தளம் ஆதரவின்றி உள்ளே அமுங்கியிருந்தது. வாயைத் தளர்த்தி வைத்திருக்கும்போது மேற்பற்கள் சற்றும் தெரியவில்லை. வெட்டுப்பற்களின் முன்பின் இடைவெளி எதிர்மறை 7 மி.மீ., அதாவது கீழ்ப்பற்கள் அந்த அளவுக்கு முன்னால் நின்றன. மேற்பல்வரிசையின் நடுக்கோடு பிளவின் பக்கமாக 2 மி.மீ. சாய்ந்திருந்தது. இடப்பக்கக் கடைவாயில் குறுக்குக்கடி இருந்தது, அதாவது மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடித்தன.

பக்கவாட்டு எக்ஸ்ரே அளவையில் எஸ்.என்.ஏ. கோணம் (மண்டையோட்டின் அடித்தளத்தை ஒப்பிட மேல்தாடை எவ்வளவு முன்னால் உள்ளது என்பதன் அளவு) 74 பாகை, எஸ்.என்.பி. கோணம் (கீழ்த்தாடைக்கான அதே அளவு) 79 பாகை. இயல்பு முறையே 82, 80 என்று கொண்டால், கீழ்த்தாடை தன் இடத்தில்தான் இருக்கிறது, குறை முழுவதும் மேல்தாடையில் என்பது விளங்கும். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்ததில் மாற்றம் இல்லை; வளர்ச்சி முடிந்துவிட்டது. கீழ்த்தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் மேல்தாடையை நகர்த்தினால் ஓரிரு ஆண்டுகளில் பழைய நிலை திரும்பிவிடும் என்பதால் இந்த உறுதிப்பாடு அவசியம். முப்பரிமாண சி.டி. ஸ்கேனில், 17 வயதில் வைத்த எலும்பு பல்வரம்பில் நன்றாகப் பிடித்திருந்தது தெரிந்தது. பிளந்திருந்த இரு துண்டுகளும் இப்போது ஒரே துண்டு. இது இல்லாவிட்டால் பின்னால் விவரிக்கும் முறையை எண்ணிப்பார்க்கவே முடியாது.

பேச்சின் நிலை

பிளவு நோயாளிகளின் தாடை அறுவைக்கான கோப்பில் பேச்சு மதிப்பீடு கடைசித் தாளாக இருப்பதே வழக்கம். அது முதல் தாளாக இருக்க வேண்டும்.

நாம் பேசும்போது மென்னண்ணம் (அண்ணத்தின் தசையாலான பின்பகுதி) மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளுக்கு வாயில் காற்று அழுத்தம் சேர வேண்டும்; அந்த வழி மூடினால்தான் அழுத்தம் சேரும். ங, ஞ, ண, ந, ம போன்ற மெல்லினங்களுக்கு வழி திறந்தே இருக்கும். வழி சரியாக மூடாதவரின் பேச்சில் ‘பாட்டி’ என்பது ‘மாண்ணி’க்கு அருகில் போய்விடும். அண்ணப்பிளவுக்கு அறுவை செய்தவர்களின் மென்னண்ணம் தழும்பினால் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். பின்சுவரை எட்டித் தொடுவதற்கே அது தன் முழு நீளத்தையும் செலவிட்டுக்கொண்டிருக்கும். மேல்தாடை முழுவதையும் முன்னால் கொண்டுவந்தால் மென்னண்ணமும் அதனுடன் முன்னால் வந்துவிடுகிறது. பிளவில்லாதவரின் மென்னண்ணம் நீண்டு இந்த வேறுபாட்டை ஈடுசெய்துவிடும். தழும்பேறிய மென்னண்ணத்துக்கு அந்த இருப்பு இல்லை.

இந்த நோயாளியிடம் வல்லினம் மிகுந்த வாக்கியங்களை முதலில் சொல்லச்சொல்லிக் கேட்டோம். ‘பாப்பா தாத்தாவோடு கடைக்குப் போனாள்’ என்பதைப் பல முறை விரைவாகச் சொல்லும்போது, தொடக்கத்தில் தெளிவாக இருந்த ஒலி மூன்றாம் நான்காம் முறையில் லேசாக மூக்கில் கசிந்தது. மூக்குத் துளைகளுக்குக் கீழே பிடித்த குளிர்ந்த கண்ணாடியில், ‘பப்பப்பா’ என்று சொல்லும்போது இடப்பக்கத்தில் சிறு ஆவித் தடம் படிந்தது. மூக்கு வழியே நெகிழும் எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பார்த்தபோது மென்னண்ணம் பின்சுவரைத் தொட்டது. ஆனால் தொட்டும் தொடாமலும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அல்ல. நடுவில் ஒரு சிறு இடைவெளி வந்து வந்து மறைந்தது. இதை எல்லைநிலை என்று குறிப்பது வழக்கம். இன்று பேச்சு பெருமளவு நன்றாக இருக்கிறது. மென்னண்ணம் சில மில்லிமீட்டர் முன்னால் போனால் நன்றாக இராது.

இதற்கு நேர்மாறாக, சில ஒலிகளின் குறைக்குக் காரணம் பற்களின் நிலையாகவே இருந்தது. ‘வ’ ஒலிக்கக் கீழுதடு மேற்பற்களைத் தொட வேண்டும். இவருக்குக் கீழ்ப்பற்கள் மேலுதட்டைத் தொட்டன. ‘ச’வில் சீட்டியொலி கலந்தது. பற்களை அவற்றின் இடத்தில் வைத்தால் இவை திருந்தும். ஆக, பேச்சுக்காகவே முன்பற்கள் முன்னால் வர வேண்டும். பேச்சுக்காகவே மென்னண்ணம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

வழிகளை எடைபோடுதல்

முகத்தை உடைக்கும் அடிகளில் மேல்தாடை எந்தக் கோடுகளில் பிளக்கிறது என்பதைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட் 1901இல் வகைப்படுத்தினார். பற்களின் வேர்களுக்கு மேலே கிடைமட்டமாகச் செல்லும் முதல் கோட்டின் வழியே மேல்தாடையை வெட்டி நகர்த்துவதை ஜெர்மனியின் வாஸ்முண்ட் 1927இல் முக அமைப்பைத் திருத்துவதற்காகச் செய்தார். மேல்தாடையை முழுவதுமாக விடுவித்து, இழுவை இல்லாமல் முன்னால் வைத்து நிலைநிறுத்த வேண்டும் என்பதைச் சூரிச்சின் ஹ்யூகோ ஓப்வெகேசர் 1960களில் நிறுவினார். பிளவு நோயாளிகளிலும் அவர் அதைச் செய்துகாட்டினார். இன்றும் பெரும்பாலான மையங்களில் முதலில் எண்ணப்படுவது இந்த லெ ஃபோர்ட் முதல்வகை அறுவைதான். ஒரே நாளில் முடிந்துவிடும். கன்னத்தின் கீழ்ப்பகுதிக்கும் சற்று நிறைவு தரும். மேல்தாடையைக் கீழே இறக்கவும் சாய்வைத் திருத்தவும் இடம் தரும். ஆனால் இவருக்குத் தேவையான தூரத்துக்கு அதை நகர்த்தினால் தழும்பு பின்னிழுக்கும். பிளவு நோயாளிகளிடம் நகர்த்திய தூரத்தில் கணிசமான பங்கு திரும்பிப்போவது பல ஆய்வுகளில் காணப்படுகிறது. எல்லைநிலையில் இருக்கும் பேச்சும் அந்த நகர்வைத் தாங்காது.

தூரத்தைப் பகிர்ந்துகொள்வதற்காக மேல்தாடையைக் கொஞ்சம் முன்னாலும் கீழ்த்தாடையைக் கொஞ்சம் பின்னாலும் நகர்த்தும் இருதாடை அறுவை எளிதாகத் தோன்றும் வழி. இவரின் கீழ்த்தாடையில் குறையே இல்லை. குறையில்லாத எலும்பைக் குறையுள்ள எலும்புக்கு ஏற்பப் பின்தள்ளுவது முகத்தை மொத்தமாகச் சிறிதாக்கும்; நாக்கின் பின்னுள்ள மூச்சுப்பாதையையும் குறுக்கும். கீழ்த்தாடை உண்மையிலேயே நீண்டிருக்கும் நோயாளிக்கு இது நல்ல வழி. இவருக்கு அன்று.

மூன்றாவது வழி எலும்பை மெல்ல மெல்ல விலக்கி, இடைவெளியில் புது எலும்பு உருவாகச் செய்வது. கை கால் எலும்புகளில் இதைச் சோவியத் நாட்டின் குர்கான் நகரில் இலிசரோவ் வளர்த்தெடுத்தார்; மனிதக் கீழ்த்தாடையில் 1992இல் நியூயார்க்கின் மெக்கார்த்தி செய்துகாட்டினார்; தலையோட்டில் திருகுகளால் பொருத்திய வளையத்திலிருந்து மேல்தாடையை முன்னிழுக்கும் கருவியை 1997இல் சிகாகோவின் பாலியும் ஃபிகெரோவாவும் விவரித்தனர். மிகவும் பின்தங்கிய தாடைகளுக்கு அது இன்றும் வலுவான கருவி. எலும்போடு தழும்பும் சவ்வும் தசையும் சிறிது சிறிதாக நீள்வதால் நிலைத்தன்மை கூடுகிறது. மெல்ல நகர்த்தினால் பேச்சும் தப்பிவிடும் என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. ஆனால் ஹாங்காங்கில் பிளவு நோயாளிகளை ஒரே நாளில் நகர்த்தும் அறுவை, மெல்ல விலக்கல் என இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வுகளில் நிலைத்தன்மை விலக்கல் முறையில் மேம்பட்டிருந்தது. பேச்சில் இரு முறைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மேல்தாடை முழுவதும் நகர்ந்தால் மென்னண்ணமும் நகர்கிறது. அது ஒரே நாளில் நகர்ந்தாலும் பல நாளில் நகர்ந்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். வளையத்தைத் தலையில் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் வகுப்புக்குப் போக முடியாது என்று நோயாளியும் தெளிவாகச் சொன்னார்.

எஞ்சியது மேல்தாடையின் முன்பகுதியை மட்டும் விலக்குவது. இதில் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே வெட்டி, அதற்கு முன்னாலுள்ள பகுதியை மட்டும் வாய்க்குள் பற்களோடு பிணைத்த திருகால் முன்னால் கொண்டுவருகிறோம். கடைவாய்ப்பற்களும் அவற்றுக்குப் பின்னாலுள்ள எலும்பும் அதில் தொங்கும் மென்னண்ணமும் அசைவதில்லை. சென்னை அறுவை மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இந்த முறை இந்திய மையங்களில் பரவலாயிற்று. செலவு குறைவு என்பதும், பல்வரிசையை அகலப்படுத்த எங்கும் கிடைக்கும் ஹைராக்ஸ் திருகையே முன்பின்னாகத் திருப்பிப் பயன்படுத்தலாம் என்பதும் நம் சூழலில் சிறிய காரணங்கள் அல்ல. அதற்கு விலையும் உண்டு. கன்னத்தின் தட்டைத்தன்மையை இது திருத்தாது. கடைவாயின் குறுக்குக்கடியைத் திருத்தாது. மேல்தாடையை அதிகம் கீழே இறக்க முடியாது. இவருக்குக் கன்னக் குறைவு மிதமானது, பேச்சோ எல்லைநிலையில் இருப்பது. எதை விட்டுக்கொடுக்க முடியும் என்ற கேள்வியை அவரிடமும் தாயாரிடமும் வைத்தபோது, பேச்சை விட முடியாது என்ற விடை அவரிடமிருந்தே வந்தது.

தயாரிப்பு

கம்பி கட்டிப் பற்களை வரிசைப்படுத்த ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. வெட்டப்போகும் இடத்தின் இருபுறமும் வேர்களை விலக்கி வைப்பதே இதில் முதன்மையான வேலை. வேர்களுக்கிடையே போதிய எலும்பு இல்லாவிட்டால் வாள் வேரைத் தொட்டுவிடும். அச்செடுத்த மாதிரியில் முதல் முன்கடைவாய்ப்பற்களையும் முதல் கடைவாய்ப்பற்களையும் பற்றிக்கொள்ளும் கருவி வார்க்கப்பட்டு, திருகு பல்வரிசைத் தளத்துக்கு இணையாகவும் முகத்தின் நடுக்கோட்டை நோக்கியும் அமைக்கப்பட்டது. திருகின் திசை இரண்டு பாகை தவறினாலும் 10 மி.மீ. நகர்வின் முடிவில் அது கண்ணுக்குத் தெரியும்.

அறுவை

பொது மயக்கம், குழாய் பிளவில்லாத வலப்பக்க மூக்கின் வழியே செலுத்தப்பட்டது. பிளவு நோயாளிகளின் மூக்குத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் வளைந்திருப்பதால் இதை மயக்க மருத்துவரோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

இந்த அறுவையின் உயிர்நாடி இரத்த ஓட்டம். மேல்தாடையை வெட்டிப் பிரித்த பின்னும் அதைச் சுற்றியுள்ள சவ்விலிருந்து வரும் இரத்தமே அதை வாழவைக்கிறது என்பதை வில்லியம் பெல் 1970களில் குரங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. ஆனால் நம் நோயாளியின் அண்ணச் சவ்வு குழந்தைப் பருவத்திலேயே இருமுறை உரிக்கப்பட்டது. அதிலுள்ள நாளங்களை முழுமையாக நம்ப முடியாது. உதட்டுப் பக்கச் சவ்வையும் நீளமாக வெட்டிவிட்டால் முன்துண்டுக்கு இரத்தம் எங்கிருந்து வரும்? எனவே இருபுறமும் கடைவாயை ஒட்டிச் சிறு வெட்டுகள் மட்டும் போடப்பட்டன. நடுவிலுள்ள உதட்டுச் சவ்வு தொடப்படவில்லை; அதனடியில் சுரங்கம் போலச் சவ்வை விலக்கி மூக்கு விளிம்பு வரை சென்று எலும்பு கிடைமட்டமாக வெட்டப்பட்டது. பின்னர் வேர்களுக்கிடையே செங்குத்து வெட்டு. அண்ணத்தின் குறுக்கு வெட்டே மிகுந்த கவனம் கேட்பது: ஒரு விரலை அண்ணச் சவ்வின் மீது வைத்துக்கொண்டு, உளியின் நுனி எலும்பைக் கடந்து வருவதை அந்த விரலால் உணர்ந்து, சவ்வு கிழியாமல் நிறுத்த வேண்டும். பழைய துளை மூடிய தழும்பின் மீது சவ்வு காகிதம் போல் மெல்லியதாக இருந்தது; அந்த இடத்தில் உளியைத் தட்டாமல் கையால் அழுத்தியே எலும்பு பிரிக்கப்பட்டது. மூக்குத் தடுப்புச் சுவர் அடியில் விடுவிக்கப்பட்டது. மேல்தாடையை இறக்கை எலும்பிலிருந்து பிரிக்கும் வேலை இதில் இல்லை. பெரும் குருதிப்போக்குக்கு வாய்ப்புள்ள அந்தப் படி தவிர்க்கப்படுவது இம்முறையின் மற்றொரு நன்மை.

கருவியை ஒட்டிய பின் திருகை மேசையிலேயே 2 மி.மீ. சுழற்றி, முன்துண்டு இருபுறமும் சமமாக அசைகிறதா என்று பார்த்து, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். ஈறு வெளிறவில்லை. எங்கேனும் எலும்பு வெட்டுப்படாமல் ஒட்டியிருந்தால் அது தெரியவேண்டிய இடம் அறுவை மேசைதான். வீட்டில் திருகும் ஐந்தாம் நாளில் அன்று.

திருகிய நாட்கள்

முதல் 5 நாட்கள் எதுவும் அசைக்கப்படவில்லை. வெட்டிய இடத்தில் மென்மையான ஆறுதிசு உருவாகும் காலம் அது. 6ஆம் நாளிலிருந்து காலையில் இரண்டு கால்சுற்று, மாலையில் இரண்டு கால்சுற்று, ஒரு நாளுக்கு மொத்தம் 1 மி.மீ. இதைவிட மெதுவாகப் போனால் எலும்பு முன்கூட்டியே ஒட்டிவிடும். விரைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு நிரம்பும். முதல் இரு நாள் மருத்துவமனையில் கற்றுக்கொண்டு, பிறகு தாயாரே வீட்டில் செய்தார். திருகுச் சாவி கம்பியளவு சிறியது. கை நழுவினால் தொண்டைக்குள் போய்விடும். அதன் கண்ணில் நீண்ட நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்ட பிறகே மகளின் வாயைத் திறக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், எந்தப் பல்லருகே வலி என்பதை அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். வாரப் பரிசோதனைக்கு அந்த நோட்டைவிடப் பயனுள்ள ஆவணம் இருக்கவில்லை. உணவு கஞ்சி, கூழ், பருப்புத் தண்ணீர் என்று திரவமாகவே இருந்தது.

திருகத் தொடங்கி 6 நாள் ஆனபோது முன்துண்டு முன்னால் நகர்வதோடு சற்று மேல்நோக்கியும் சுழல்வது தெரிந்தது. முன்பற்களுக்கிடையே 2 மி.மீ. திறந்த கடி, அதாவது கடித்தாலும் மேல், கீழ்ப் பற்கள் சேராத இடைவெளி, உருவானது. இது இம்முறையில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று, ஏனெனில் திருகின் விசை பற்களின் மட்டத்தில் செயல்பட, எதிர்ப்போ மேலே மூக்கின் அடித்தளத்திலும் உதட்டிலும் இருக்கிறது. மேல், கீழ்க் கம்பிகளுக்கிடையே செங்குத்தாக ரப்பர் வளையங்கள் மாட்டப்பட்டு, புது எலும்பு இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போதே அது சரிசெய்யப்பட்டது. கருவியின் அடியில் அண்ணத்தில் ஏற்பட்ட சிறு புண் கழுவுநீரிலேயே ஆறியது.

11 நாட்களில் திருகு 11 மி.மீ. விரிந்தது. அதன்பின் சாவித் துளை பிசினால் அடைக்கப்பட்டு, புது எலும்பு கெட்டிப்படும்வரை கருவி 3 மாதம் அப்படியே விடப்பட்டது.

விளைவு

திருகு விரிந்த 11 மி.மீ. முழுவதும் எலும்புக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லாமல் விடும் ஆய்வுகள் வாசகரைத் தவறாக வழிநடத்துகின்றன. பற்களைப் பிடித்து இழுக்கும் கருவியில் கடைவாய்ப்பற்கள் பின்னோக்கி உதைக்கப்படும். இவருக்கு அது ஏறக்குறைய 1 மி.மீ. வெட்டுப்பற்கள் 10 மி.மீ. முன்னால் வந்தன, எலும்பின் ஏ-புள்ளியோ (எக்ஸ்ரேயில் மேல்தாடை எலும்பின் முன்பக்கத்தில் அளவெடுக்கும் இடம்) 7 மி.மீ.தான் வந்தது. மீதி 3 மி.மீ. துண்டின் சுழற்சியும் பற்களின் சாய்வும் ஆகும். வெட்டுப்பல் இடைவெளி எதிர்மறை 7இலிருந்து நேர்மறை 3 மி.மீ.க்கு மாறியது, கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் வேண்டுமென்றே 1 மி.மீ. கூடுதலாக நகர்த்தப்பட்டது. எஸ்.என்.ஏ. கோணம் 74இலிருந்து 81 பாகைக்கு உயர்ந்தது. ஓராண்டுக்குப் பின் அது 80 பாகை. பல் இடைவெளி 2 மி.மீ.

வெட்டிய இடத்தில் இருபுறமும் உருவான புது எலும்பு பல் வரிசைக்கும் இடம் தந்தது. இடப்பக்கத்து முன்கடைவாய்ப்பற்களும் கோரைப்பல்லும் அந்த எலும்புக்குள் பின்னோக்கி நகர்த்தப்பட்டதால், பிறவியிலேயே இல்லாத இரண்டாம் வெட்டுப்பல்லுக்குச் செயற்கைப் பல் வைக்க முன்னால் இடம் கிடைத்தது. நெருக்கடியான பல்வரிசையும் பல் இல்லாத குறையும் ஒருங்கே இருக்கும் பிளவு நோயாளிக்கு, பல் பிடுங்காமலேயே இடம் உருவாவது பெரிய ஆதாயம்.

ஆறாம் மாதத்தில் எண்டோஸ்கோப் பரிசோதனை மீண்டும் செய்யப்பட்டது. மென்னண்ணம் அறுவைக்கு முன் தொட்ட இடத்திலேயே தொட்டது. வந்து மறையும் அதே சிறு இடைவெளி, அதே அளவில். மூக்கொலி கூடவில்லை. ‘வ’ ஒலி பற்கள் இடம் மாறிய சில வாரங்களில் தானாகவே திருந்தியது. ‘ச’ அப்படித் திருந்தவில்லை. நாக்கு பழைய பற்களைத் தேடிப் பழகியிருந்தது. பேச்சுப் பயிற்சியாளரிடம் மூன்று மாதம் சென்ற பிறகே அது சீரானது. எலும்பு நகர்ந்தால் நாக்கும் உடனே கற்றுக்கொள்ளும் என்று எண்ணி இந்தப் பயிற்சியை விட்டுவிடுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது.

மேலுதடு நிறைந்தது, மூக்கின் நுனி சற்று நிமிர்ந்தது, மூக்கின் அடி இருபுறமும் கொஞ்சம் அகன்றது. கன்னத்தின் தட்டைத்தன்மை எதிர்பார்த்தபடியே மாறவில்லை. இடப்பக்கக் கடைவாயின் குறுக்குக்கடி கம்பியால் ஓரளவே திருந்தியது. இதே அறிகுறிகளுடன், ஆனால் கண்ணடி எலும்பு வரை குழிந்த முகத்துடனும் உறுதியாக மூடும் மென்னண்ணத்துடனும் ஒருவர் வந்தால், முன்பகுதியை மட்டும் நகர்த்தும் முறை அவருக்குக் குறைச் சிகிச்சையாகவே அமையும்; அவருக்கு மேல்தாடை முழுவதையும் நகர்த்தத்தான் வேண்டும்.

இனி உள்ளவை

மூக்குச் சீரமைப்பும் உதட்டுத் தழும்பின் திருத்தமும் இன்னும் செய்யப்படவில்லை. அடித்தள எலும்பு நிலைத்த பிறகே மூக்கை எழுப்ப வேண்டும். முன்பே செய்தால் தாடை நகரும்போது மூக்கின் வடிவமும் மாறிவிடும். ஓராண்டுப் படத்தில் எலும்பு நிலைத்திருப்பதால், தடுப்புச் சுவரிலிருந்து குருத்தெலும்பு போதுமா அல்லது விலாவிலிருந்து எடுக்க வேண்டுமா என்பதை முடிவுசெய்ய மதிப்பீடு தொடங்கியுள்ளது. கன்னத்துக்குக் கொழுப்பு நிரப்புவது அதே மயக்கத்தில் செய்யப்படலாம். இரண்டாம் வெட்டுப்பல்லின் இடத்தில் இப்போது கழற்றி மாட்டும் பல் உள்ளது. 17 வயதில் வைத்த எலும்பின் உயரம் போதுமானால் அங்கே இம்பிளாண்ட், இல்லாவிட்டால் இருபக்கப் பற்களைப் பற்றிய பாலம். பற்களின் உட்புறம் நிலையான பிடிப்புக் கம்பி ஒட்டப்பட்டுள்ளது. பக்கவாட்டு எக்ஸ்ரேயும் பேச்சுப் பதிவும் ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்தாண்டு வரை, ஒரே வாக்கியங்களைக் கொண்டு ஒரே முறையில் எடுக்கப்பட வேண்டும் என்று நோயாளியின் கையேட்டில் தேதிகளோடு எழுதித் தரப்பட்டுள்ளது.